கட்டுத்தரை விமானம்

ஒரு பரீட்சையில் தோற்பதற்குப் பெரிய பிரயத்தனம் எதுவும் வேண்டாம். படிக்காமல் போனால் போதும். எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் தோற்றிருக்கிறார்கள், சிரமமில்லாமல். தோற்பதற்கென்றே ஒரு இயந்திரம் கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்து, குடும்பத்தின் ஒத்துழைப்போடு தோற்றவன் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் இயற்பியல் பட்டத்தோடு சும்மா இருந்தேன். (சும்மா என்பது அப்பாவின் சொல். விமானி ஆகப்போகிறேன் என்பது என் சொல். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.) விமானப்படைக்கு விண்ணப்பித்து, மைசூருக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்திருந்தது. நெல்வயலைத் தவிர வேறெதையும் பெரிதாக நம்பாத அப்பா, என்னோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தேறினால் ஆகாயம், தேறாவிட்டால் பக்கத்துச் சித்தூரில் மாமாவின் உரக்கடை. மாமா கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூலைக்கூட ஒதுக்கி, யூரியா மூட்டைகளுக்கு நடுவே போட்டுவைத்திருந்தார். அந்த ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் மேகங்களின் மேல் எனக்கிருந்த பற்று கூடும்.

தேர்வைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர் பஸ்ஸில் நின்றபடி சொன்னதுதான். அவர் போய்த் திரும்பியவர். எழுத்து, பேச்சு, ஓட்டம் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாமாம். கடைசியில் ஒரு இயந்திரம் இருக்கிறதாம், அதுதான் ஆளைக் கவிழ்க்குமாம். விமானியின் இருக்கை மாதிரி ஒன்றில் உட்கார வைப்பார்கள். எதிரே திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி தன்பாட்டுக்கு அலையும். அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மேலும் கீழும் நகர்த்தக் கையில் ஒரு தடி, இடமும் வலமும் நகர்த்தக் காலுக்கு ஒரு மிதி. அதில் தவறினால் தவறியதுதான், ஆயுளுக்கும் மறுபடி விடமாட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் தத்தமங்கலத்தில் இறங்கிவிட்டார்.

ஆயுளுக்கு ஒருமுறைதான் என்றால் புத்திசாலி என்ன செய்வான்? வீட்டிலேயே அந்த இயந்திரத்தைக் கட்டிப் பழகிக்கொண்டு போவான். இதை நானாகவே யோசித்தேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். வேறு யார் மேலும் பழி விழக்கூடாது.

ஆனால் கட்டியது மச்சான். அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கணவர் சக்குபள்ளம் மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்க அவ்வப்போது மலையிறங்கி வருவார். மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர்களுக்கு உலகத்தில் எந்த வாகனத்தின் மீதும் பயம் கிடையாது, அபிப்பிராயம் மட்டும் உண்டு. நான் விஷயத்தைச் சொன்னதும் மச்சான் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"அது ஒண்ணும் சாரமில்லீங்க மாப்ள. ஜீப்புக்கு ரெக்கை வெச்சா பிளேனு. ரெக்கை நமக்கு வேண்டியதில்லியே."

அடுத்த முறை வரும்போது, தோட்டத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றின் இருக்கையையும் முகப்புப் பலகையையும் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். இருக்கை முழுக்க ஏலக்காய் வாசனை. அதில் உட்கார்ந்து கண்ணை மூடினால் பாயசத்துக்குள் பறப்பதுபோல இருக்கும்.

இடம் மாட்டுக் கட்டுத்தரை. எருதுகள் இரண்டையும் ஓரமாகக் கட்டிவிட்டு, நடுவில் மூங்கிலும் சாக்கும் வைத்து ஒரு கூண்டு போட்டோம். உள்ளே ஜீப் இருக்கை, எதிரே முகப்புப் பலகை. கைக்கு ஒரு மண்வெட்டிக் காம்பு. காலுக்கு, அப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய ஹேண்டில்பார். அதைத் தரையில் ஒரு பலகையில் பொருத்தி, இரண்டு பிடியிலும் இரண்டு பாதங்களை வைத்துக்கொள்ள வேண்டியது. மணியைக் கழற்ற மறந்துவிட்டோம், அதனால் விமானம் சில திருப்பங்களில் மணியடித்துக்கொண்டே போகும். கூண்டுக்கு முன்னால், விளக்குக் கரியால் பெரிய புள்ளி வைத்த ஒரு முறம் உத்தரத்திலிருந்து தொங்கும். மண்வெட்டிக் காம்பிலிருந்தும் ஹேண்டில்பாரிலிருந்தும் கயிறுகள் உருளைகளின் வழியாக அந்த முறத்துக்குப் போகும். முறத்திலிருந்து இன்னொரு கயிறு அக்காவின் கையில். அவள்தான் காற்று. நாற்காலியில் சாய்ந்துகொண்டு இஷ்டத்துக்கு இழுப்பாள். நான் காலாலும் கையாலும் முறத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைசி இரண்டு கயிறுகளைக் கட்டும்போது மச்சான் சற்று நின்றார். எந்தக் காலின் கயிற்றை முறத்தின் எந்தப் பக்கம் கட்டுவது என்று கேள்வி.

"ஏனுங்க மாப்ள, ஹேண்டில்பார்ல வலது கையை முன்னால தள்ளுனா சைக்கிள் எந்தப் பக்கமுங்க போகும்?"

"எடது பக்கமுங்க."

"அப்பறமென்ன. கையில தள்ளுனா ஒரு ஞாயம், கால்ல தள்ளுனா ஒரு ஞாயமா?"

நான் பட்டதாரி. யாரோ சொன்னார் என்று எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கி, களத்தில் ஓட்டி, வலது கையை முன்னால் தள்ளிப் பார்த்தேன். சைக்கிள் இடது பக்கம் திரும்பி வைக்கோல் போரில் முட்டியது. நிரூபணமாகிவிட்டது. வலது காலை அழுத்தினால் முறம் இடது பக்கம் போகும்படி கயிறு கட்டப்பட்டது.

பிறகு பயிற்சி. வானிலை முழுக்க அக்காவின் மனநிலையைப் பொறுத்தது. அம்மா அவளைக் கஷாயம் குடிக்கச் சொன்ன நாட்களில் புயல் அடித்தது. மச்சான் வந்திருக்கும் நாட்களில் இலைகூட அசையாது, பயிற்சியே நடக்காது. ஒருமுறை பேச்சுவாக்கில் அவள் தைத்துக்கொண்டிருந்த குழந்தைச் சட்டை மூட்டை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த முறத்தை எந்த விமானியாலும் பிடித்திருக்க முடியாது.

அப்பா எருதுக்குத் தீனி போட வரும்போது நின்று பார்ப்பார். முகப்புப் பலகையில் பெட்ரோல் முள் எப்போதும் அடியில் கிடக்கும். அவருக்கு அதுதான் உறுத்தல்.

"ஏண்டா, எண்ணெயே இல்லீன்னு காட்டுது. இதை நம்பி எப்படிடா மேல போவே?"

ஆனால் வெளியில் அவர் பேச்சு வேறாக இருந்திருக்கிறது. சந்தையில், டீக்கடையில், வாய்க்கால் தண்ணீருக்காக நிற்கும் இடத்தில் எல்லாம் பையன் பிளேன் ஓட்டப் பழகுகிறான் என்று சொல்லியிருக்கிறார். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் முன்னேறிக்கொண்டே இருந்தேன். கடலை உரித்துத் தின்றுகொண்டே முறத்தை நடுவில் நிறுத்துவேன். ரேடியோ கேட்டுக்கொண்டே நிறுத்துவேன். முறம் ஒரு பக்கம் சாயுமுன்பே கால் தானாகப் போகும். மூளையிடம் கேட்பதையே அது நிறுத்திவிட்டது. ஒருநாள் மச்சானும் அக்காவும் சேர்ந்து இழுத்தும் முறம் அசையாமல் நின்றது. மச்சான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, இனிமேல் அந்த மைசூர் மெஷின்தான் உங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றார். நான் மறுக்கவில்லை.

மைசூரில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அந்த இயந்திரம் இருந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்கு அதன் மேல் லேசான இரக்கம்கூட வந்தது. எங்களுடையதைவிடச் சின்னது, ஏலக்காய் வாசனையும் இல்லை. மீசை வைத்த ஓர் அதிகாரி பொறுமையாக விளக்கினார். வலது காலை அழுத்தினால் புள்ளி வலது பக்கம் போகும், இடது காலை அழுத்தினால் இடது பக்கம் போகும் என்று இரண்டு முறை சொன்னார். கேட்டேன். புரிந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். என் மூளைக்கு ஆங்கிலம் தெரியும், கால்களுக்குத் தெரியாது.

புள்ளி லேசாக வலது பக்கம் நகர்ந்தது. என் வலது கால் பாய்ந்தது. புள்ளி மேலும் வலது பக்கம் போயிற்று. கால், கடமையில் தவறாத கால், இன்னும் பலமாக அழுத்தியது. புள்ளி திரையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. காலை மாற்று என்று மூளை கத்தியது. மாற்றினேன். புள்ளி குறுக்கே ஓடி எதிர் ஓரத்தில் முட்டியது. முடியும்வரை அது ஓரத்துக்கு ஓரம் போய்வந்ததே தவிர, நடுவில் ஒரு மூச்சுநேரம்கூட நிற்கவில்லை.

அதிகாரி என்னைத் தனியாக அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒன்றும் தெரியாமல் உட்காருகிறவன் பாதி சரி, பாதி தப்பு செய்வான், இவ்வளவு சீராகத் தப்பு செய்ய ஒருவனால் எப்படி முடிந்தது என்று அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. வீட்டில் பழகினேன் என்றேன். எதில் என்றார். முறம், மண்வெட்டிக் காம்பு, கர்ப்பிணி அக்கா என்று என் ஆங்கிலத்தில் முடிந்தவரை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறவியில் ஒருவனுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை, பழகிக்கொண்டு வந்துவிடக்கூடாது என்றுதான் ஒரே முறை என்று வைத்திருக்கிறோம் என்று விளக்கிவிட்டு, கடைசியில் மெல்ல ஒன்று சொன்னார்:

"நீ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்துவிட்டு வந்திருக்கலாம், தம்பி."

வீடு திரும்பினால், முந்தின நாள்தான் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வீடு நிறைய ஒறம்பரைச் சனம், சொந்தக்காரர்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை கொடுத்து வாயை அடைத்தார்கள். பொழுது சாயும்போதுதான் அப்பா கட்டுத்தரைக்கு வந்து கேட்டார். சொன்னேன்.

"அப்ப இத்தனை நாளும் என்னத்தடா பழகுனே?"

"அப்படியே தலைகீழாப் பழகிட்டேனுங்கப்பா."

"பழகாமப் போயிருந்தா?"

"தேறியிருப்பேன்னு ஆபீசரே சொன்னாருங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எருதின் முதுகை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் மாமா கடையைச் சீக்கிரம் திறப்பார் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு குழந்தையைப் பார்க்க வந்து சேர்ந்த மச்சானுக்கு இதையெல்லாம் அக்கா சொல்லியிருக்கிறாள். அவர் நேராகக் கட்டுத்தரைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்து, பெருந்தன்மையாக ஏதாவது சொல்லத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூண்டுக்குள் குனிந்து இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தார். வலது கயிற்றை இடது பக்கமும் இடது கயிற்றை வலது பக்கமும் மாற்றிக் கட்டினார். இழுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்பச் செரியாப் போச்சுங்க மாப்ள. ஏறிப் பாருங்க."

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், நான் ஏறினேன். முறம் சுவரில் மோதியது.

மறுநாள் உரக்கடைக்குப் போனவன்தான். மாமாவுக்குப் பிறகு கடை எனக்கே வந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில், நேரம் கடந்தபின் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறவர்களைச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது. பயிர் காய்ந்தபின் வாய்க்காலில் தண்ணீர் விட்டால், கல்யாணம் முடிந்தபின் பந்தலுக்குக் கரண்ட் வந்தால், "கயத்த மாத்திக் கட்டீட்டாங்க" என்பார்கள். மச்சானும் சொல்வார், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நெஞ்சைத் திறந்து மூடியபிறகு, டாக்டர் கட்டிலருகே நின்று, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, பீடி கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்று அழகாக எடுத்துச் சொன்னார். என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "டாக்டரும் கயத்த மாத்திக் கட்டறாருங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எந்தக் கயிறு என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அவள் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே வந்தவளல்ல. ஆனால் கட்டுத்தரையிலிருந்து மைசூர் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். நர்ஸ்கள்கூட நின்று கேட்டார்கள்.

டாக்டர் படித்தவர், சந்தேகம் வந்தது. கயிற்றை மாற்றியபிறகு கால் சரியாகிவிட்டதா என்றார்.

"எங்கீங்க. இன்னும் அப்படியேதான் இருக்குது, வேணும்னாப் பாருங்க" என்று சொல்லி, என் மனைவி போர்வையைக் கால்பக்கம் தூக்கிக் காட்டினாள்.

டாக்டரும் குனிந்து பார்த்தார்.