மண்டை முதல் விரல் வரை

"சார், இன்னிக்கு லீவு வேணும். உடம்பு சரியில்ல" என்று போனில் சொல்லும்போதே குமாஸ்தாவுக்குக் குரல் நடுங்கியது. அதில் நடிப்பு எள்ளளவும் இல்லை.

"உடம்புக்கு என்ன?" என்று உறுமினார் மேனேஜர்.

காய்ச்சல் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே அந்தப் பாழாய்ப்போன புத்தகம் விரிந்து கிடந்தது. லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைப் படித்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று சத்தியம் செய்கிற புத்தகம். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தாலும் வந்தது, லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் மேனேஜர் ஆளுக்கொரு புத்தகத்தைத் தலையில் கட்டிவிட்டார். இன்று காலைதான் பரீட்சை. தேறாதவர்களுக்கு வேலை நிரந்தரம் கிடையாது. குமாஸ்தா நிரந்தரமாக இன்னும் பத்தே நாள். முந்நூறு வேர்களில் அவர் மண்டையில் ஏறியவை மூன்று.

பயத்தில் அந்த மூன்றையும் ஒட்டவைத்து வாய் உளறிவிட்டது.

"கிரேனியோடாக்டைலால்ஜியா, சார்!"

கிரேனியோ என்றால் மண்டை, டாக்டைல் என்றால் விரல், ஆல்ஜியா என்றால் வலி. உலகத்தில் எந்த டாக்டரும் கேள்விப்படாத வியாதி.

மறுமுனையில் மேஜையில் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு எழுத்தா சொல்லுய்யா. எழுதிக்கிறேன்."

செத்தோம் என்று நினைத்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

"ஊர் உலகத்துல எல்லாரும் வயித்துவலின்னுதானே சொல்றாங்க? உங்களுக்கு மட்டும் ஏன் இப்படிப் புத்தி போகுது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

பத்து நிமிஷத்தில் போன் மறுபடி அலறியது.

"எங்கய்யா வலிக்குது?"

"மண்டையில ஆரம்பிச்சு விரல் வரைக்கும் இறங்குது சார். யோசிக்கவும் முடியல, எழுதவும் முடியல."

"அப்போ பரீட்சையே எழுத முடியாது. அப்படித்தானே?"

"ஆ... ஆமா சார்."

"ரத்தப் பரிசோதனையில தெரியுமா?"

"எதுலயும் தெரியாது சார்."

"ம்ம்ம்" என்று இழுத்துவிட்டு மேனேஜர் போனை வைத்தார். அந்த 'ம்ம்ம்' குமாஸ்தாவின் காதிலேயே நின்றது.

"எதுலயும் தெரியாதுன்னா யாருங்க நம்புவா? கையைக் காட்டுங்க" என்று மனைவி ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிக் கட்டுப்போட்டாள். கால் மணி நேரத்தில் விரல்கள் நிஜமாகவே விண்விண்ணென்று தெறித்தன. பயத்தில் மண்டையும் சேர்ந்துகொண்டது. இல்லாத வியாதி முழுசாக வந்து சேர்ந்தது.

மூன்றாவது முறை மேனேஜர் வீடியோவில் வந்தார். குமாஸ்தா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"திருப்பிக் காட்டு. எத்தனை சுத்து சுத்தியிருக்கே?"

"ஏழு சார்."

"எப்போ குணமாகும்?"

"நாளைக்கே..."

"ஒரே நாள்லயா?" மேனேஜரின் புருவம் ஏறியது.

"இல்ல சார், ஒரு வாரம் ஆகும்!"

"நாளைக்குக் கம்பெனி டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிடு. ஆனா ஒண்ணு, பதினோரு மணிக்கு முன்னாடி அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. புரியுதா?"

புரியாமல் என்ன? தனக்கு முன்னாடியே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுக்கப் போகிறார். கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம்!

"வேலை நிரந்தரம்னு எங்க அண்ணன்கிட்ட வேற பெருமையடிச்சு வெச்சிருக்கேனே" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமாஸ்தாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு டாக்டர் அறை வாசலில் நின்றார். உள்ளே போனதும் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது, மன்னிப்புக் கேட்பது, வேறு வழியில்லை என்று தீர்மானித்தாயிற்று.

சீட்டு எழுதும் பெண், "என்ன வியாதிங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இடது கையால் ஒரு காகிதத்தில் கோணல்மாணலாக எழுதி நீட்டினார். அவள் அதைப் படித்துப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவமே, உங்களுக்குமா? தலைமை அலுவலகத்துல மேனேஜருங்களுக்கு நாளைக்கு ஏதோ வேர்ச்சொல் பரீட்சையாமே, அதை எழுத முடியலையேன்னு உங்க மேனேஜரும் இதே ஏழு சுத்துக் கட்டோட வந்து, இப்பதான் ஒரு வாரம் லீவுக்கு எழுதி வாங்கிட்டுப் போறாரு!"