கைநாட்டு வைத்த எழுத்தறிவு

அறுபது வயது கடந்தோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர், பக்கத்து நாட்டில் எத்தனை பேர் என்று ஒப்பிட்ட அறிக்கை வந்ததும் புள்ளிவிவர அலுவலகம் எழவு வீடானது. பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லையே என்று யாரும் வருந்தவில்லை. பக்கத்து நாட்டான் முந்திவிட்டானே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அங்கே வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவுக்கு மட்டும் வீட்டுக் கவலை. அவரை வளர்த்த அத்தை, முதியோர் மாலை வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். அத்தை மகள் வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கத்து நாட்டில். போனில் பேசினால் மாமியார் காதில் விழும் என்று எல்லாவற்றையும் செய்தியாகவே தட்டி அனுப்புவாள். வாசித்துக் காட்டுவது குமாஸ்தாவின் வேலை.

"பாதியை முழுங்கிட்டு வாசிக்கிறடா நீ. அவ அழுதிருந்தாலும் 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்லுவ. சீக்கிரம் நானே படிச்சுக்கறேன் பாரு," என்பாள் அத்தை.

அலுவலகக் கூட்டத்தில் இயக்குநர் மேசையைத் தட்டினார். "அவங்க எப்படிய்யா குறைச்சாங்க?"

"வகுப்பு நடத்தினாங்க சார். பத்துப் பதினைஞ்சு வருஷமா," என்றார் குமாஸ்தா.

"நம்ம அறிக்கை அடுத்த மாசம் போகணும். வேற ஏதாவது சொல்லுய்யா."

குமாஸ்தா அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கணக்கெடுக்கறப்ப நாம ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்றோம் சார். அதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க," என்றார்.

இயக்குநர் எழுந்தே விட்டார். "அதான் குத்தம்! பெரியவங்களுக்குப் பரீட்சை வைக்கிறதா? மரியாதையா இருக்கா? வாய் வார்த்தை போதும்."

அன்றே 'மூத்த குடிமக்கள் கண்ணியப் பாதுகாப்பு முறை' அமலுக்கு வந்தது. "எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்" என்று அச்சடித்த தாளுடன் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஊழியர்களே வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.

அத்தையும் வைத்தாள். "யாரோ பொண்ணு வந்து கட்டைவிரலை நீட்டச் சொன்னாடா. வெயில்ல வந்திருக்கா, பாவம்னு வச்சேன்."

ஒரே மாதத்தில் எழுத்தறியாமை ஒழிந்தது. ஒழிந்த பிறகு வகுப்பு எதற்கு? 'மாணவர்கள் இன்மையால் மூடப்பட்டது' என்று கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதை வாசிக்கத் தெரியாத மாணவர்கள் தினமும் வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து வாத்தியாருக்காகக் காத்திருந்தார்கள்.

குமாஸ்தாவுக்கு நெஞ்சு உறுத்தியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், "மேற்கண்டது முழுப் பொய். வகுப்பைத் திறக்கவும்" என்று தட்டச்சு செய்து வைத்தார். வேலையே போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் இயக்குநர் மேசையில் வைத்தார். இயக்குநர் அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார். செயலாளர் போட்டார். அமைச்சரும் போட்டார். அறிக்கை பக்கத்து நாட்டுக்குப் போனது. "மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தோம். தங்கள் முறையை அப்படியே பின்பற்றுகிறோம்" என்று பதில் வந்தது. குமாஸ்தாவுக்குப் பதவி உயர்வும் வந்தது.

சில நாள் கழித்து அத்தை போனை நீட்டினாள். "அவதான் அனுப்பியிருக்கா. வாசி."

'அம்மா, இங்க மாமியார் போயிட்டிருந்த வகுப்பை மூடிட்டாங்க. உங்க நாட்டு முறையாம். சாயங்காலம் பூரா வீட்டிலேயே இருந்து என் உயிரை எடுக்கறாங்க. இந்த யோசனையைச் சொன்ன படுபாவி எவனோ, அவன் நாக்கு அழுகிப்போக.'

குமாஸ்தா வாசித்துச் சொன்னார். "நல்லா இருக்காளாம் அத்தை. மாமியாரும் நல்லா இருக்காங்களாம்."

அத்தை போனை வாங்கி, வரிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அதைச் சொல்லவா இவ்வளவு நீளமா தட்டியிருக்கா?"