வெர்னன் கையில் படாத சம்மன்

சம்மன் தன் கையில் படாதவரை வழக்கே கிடையாது என்று வெர்னன் முடிவு செய்தான். காகித ஆலையில் உடன் வேலை செய்யும் ஒருவன் சொன்ன சட்டம் அது. அன்றிலிருந்து வாசலில் மணி அடித்தால் தரையில் படுத்துவிடுவான். ஜன்னலுக்குக் கீழே தவழ்ந்துதான் சமையலறைக்குப் போவான். ஐம்பத்தெட்டு வயதில் தவழ்வது சுலபமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்து ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் துடித்தான். காப்பீடு அதைப் பார்த்துக்கொண்டது என்றுதான் நினைத்திருந்தான். இப்போது பெயரே கேள்விப்படாத ஒரு வசூல் கம்பெனி, அந்தக் கடனை விலைக்கு வாங்கிவிட்டோம், நாலாயிரத்து நூறு டாலர் கட்டு, இல்லையென்றால் கோர்ட் என்று போனில் மிரட்டியது. தோற்றால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துவிடுவார்கள். ஆலையில் சம்பளம் போடுவது அவனுடைய மைத்துனி. அவளுக்குத் தெரிந்தால் விஸ்கான்சின் முழுக்கத் தெரியும். வெர்னனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி டோரீனிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

ஒரு சனிக்கிழமை சோபாவுக்குப் பின்னால் படுத்திருந்தவனை டோரீன் எட்டிப் பார்த்தாள்.

“என்ன தேடுறே?”

“சட்டைப் பித்தான்.”

“சம்மனோன்னு நினைச்சேன். அது வந்து மூணு வாரம் ஆச்சு. நான்தான் வாங்கி வெச்சேன்.”

“அய்யோ, நீ எதுக்கு வாங்கினே? என் கையில படலைன்னா வழக்கே இல்ல, தெரியுமா?”

“வீட்டுல இருக்கற பெரியவங்க யாரு வாங்கினாலும் செல்லும். பதில் மனுவும் போட்டாச்சு. கடனை மறுக்கறோம், விவரமா பில்லைக் காட்டு, நீ அதை விலைக்கு வாங்கினதுக்கு அத்தாட்சி காட்டுன்னு.”

“அதுக்கு என் கையெழுத்து வேணுமே.”

“போட்டியே. டிவியில ஃபுட்பால் ஓடிட்டிருந்தப்ப நீட்டினேன். வீட்டை எழுதிக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பே.”

வெர்னன் எழுந்து உட்கார்ந்தான். “அப்ப தினமும் மணி அடிக்கறது யாரு?”

“கூரை மாத்தித் தர்றேன்னு ஒரு பையன். ஜன்னல் வழியா நீ தரையில கெடக்கறது நல்லா தெரியுதாம். உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலையான்னு பாவம் விசாரிச்சான்.”

கோர்ட்டுக்குப் போகும் வழியில் காரில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “யார்கிட்டயும் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லித் தொலைக்காதே. அப்புறம் கடனை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

சொல்வது சுலபம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ஊர் அது.

கோர்ட் தாழ்வாரத்தில் ஓர் இளைஞன் கோப்புக்கட்டோடு நின்று பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கோர்ட் ஊழியர் என்று நினைத்து, வழக்குக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னன் பெயர் வந்ததும் அவனும் ஓடினான்.

“உள்ளே போய் எதுக்குங்க அலைச்சல்? மாசம் நூறு டாலர்னு இங்கேயே முடிச்சுக்கலாம்,” என்று இளைஞன் பேனாவை நீட்டினான்.

வெர்னனுக்கு உயிர் திரும்பியது. “மன்னிச்சுக்கங்க சார், உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்,” என்று பேனாவை வாங்கினான்.

டோரீன் அதைப் பிடுங்கிக்கொண்டாள். “தம்பி, நீங்க யாரோட வக்கீல்?”

இளைஞன் குரலைத் தாழ்த்தினான். “வசூல் கம்பெனிக்குங்க.”

வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

“வழக்குல உங்க பேரு இல்லம்மா,” என்றான் வக்கீல். “உள்ளே நீங்க அவர் பக்கத்துல உக்காரவே முடியாது.”

டோரீன் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குமாஸ்தாவின் ஜன்னலுக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

உள்ளே அவளை வெர்னன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். ஆனால் நீதிபதிக்கு ஏனோ அவன் மேல் பயங்கரக் கோபம். வக்கீலிடம் சாதாரணமாகப் பேசியவர் அவன் பக்கம் திரும்பியதும் ஒவ்வொரு சொல்லாக இரைந்தார்.

“மிஸ்டர் ஹாப்ட். இந்தக் கடன். உங்களுடையதா?”

வெர்னனுக்கு எல்லாம் கண் முன்னே வந்தது: சம்பளம் போயிற்று, மைத்துனி சிரிக்கிறாள். “ஆங்?” என்ற சத்தம் மட்டும் வந்தது.

நீதிபதி இரக்கமாகத் தலையசைத்தார். டோரீன் அவன் காதில் வாயை வைத்து, அறை முழுக்கக் கேட்க, “மறுக்கிறேன்னு சொல்லு,” என்றாள்.

“மறுக்கிறேன்.”

நீதிபதி வக்கீலிடம் ஆஸ்பத்திரி பில்லைக் கேட்டார். இல்லை. கடனை விலைக்கு வாங்கிய பத்திரத்தைக் கேட்டார். வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினான். அதில் வெர்னன் பெயரும் ஒரு தொகையும் மட்டும் இருந்தன. வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

வெளியே படியிறங்கும்போது வெர்னன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான். “என்ன கோபம் அந்த மனுஷனுக்கு. ஏன் அப்படிக் கத்தினாரு?”

“கோபமில்ல. உனக்குக் காது கேக்காது, நான் பக்கத்துல இருந்து எடுத்துச் சொல்லணும்னு குமாஸ்தாகிட்ட சொல்லி வெச்சேன்.”

“கோர்ட்டுலயே பொய் சொன்னியா?”

“என்ன பொய்? முப்பது வருஷமா நான் சொன்னதுல ஒண்ணாவது உன் காதுல விழுந்திருக்கா?”

காரை எங்கே நிறுத்தினோம் என்று பார்த்துக்கொண்டிருந்த வெர்னன் திரும்பினான்.

“என்ன சொன்னே?”