ஆம்பூர் வந்தால் கத்தும் கார்

பிரியாணியை விடுவதா, பெண்டாட்டியை ஏமாற்றுவதா என்று ஒரு கட்டம் வந்தது. காசிநாதன் அதிகம் யோசிக்கவில்லை. பெண்டாட்டியை ஏமாற்றுவது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுத்துவிட்டார்.

மனிதரைக் குற்றம் சொல்ல முடியாது. வீடு வேலூரில், மாமியார் வீடு வாணியம்பாடியில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் காரில் கிளம்பியாக வேண்டும். நடுவில் ஆம்பூர் வரும். அங்கே ரோட்டின் ரெண்டு பக்கமும் அண்டா அண்டாவாகத் தம் உடைத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வாசனை எப்படியோ உள்ளே வந்து மடியில் உட்காரும். கொழுப்பு ஜாஸ்தி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து காசிநாதனுக்கு அந்த வாசனையோடு சரி. விஜயகுமாரி ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு தையல் பிசகினாலும் ஜோடியையே திருப்பி அனுப்புகிறவள், புருஷனை விடுவாளா?

கார் ரொம்பப் பழசு. போன கோடையில் பள்ளிகொண்டா தாண்டியதும் ரேடியேட்டர் தண்ணி மொத்தமும் ஒழுகி, இன்ஜின் புகைந்து நின்றுவிட்டது. சூடு காட்டுகிற முள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி கீழேயே படுத்திருந்தது. தண்ணி இருந்தால்தானே அதற்குச் சூடு தெரியும்? லாங் பஜார் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தோஸ்த் சர்தார் பாஷாதான் இதற்கு ஒரு வழி சொன்னார். கூலன்ட் டப்பாவில் ஒரு சென்சார் மாட்டிவிட்டால், தண்ணி கொஞ்சம் இறங்கினாலே டேஷ்போர்டுக்கு அடியில் அலாரம் கத்தும். இன்ஜின் தப்பிக்கும்.

காசிநாதனுக்குப் பொறி தட்டியது அப்போதுதான்.

“பாஷா, தண்ணி கம்மியானாதான் கத்துமா? நான் கத்துன்னா கத்தாதா?”

“இன்னாத்துக்கு?”

விஷயத்தைக் கேட்டதும் பாஷா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, கிளட்ச்சுக்குப் பக்கத்தில் ரப்பர் மேட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். காலால் அமுக்கினால் போதும்.

முதல் ஞாயிறு. ஆம்பூர், பிரியாணிக் கடை வாசல். ‘கீ…’ என்று அலாரம் கத்தியது.

“இன்னாங்க சத்தம்?”

“கூலன்ட் கம்மி. நல்லவேளை அலாரம் மாட்டினேன். இல்லன்னா இன்ஜின் அவுட்டு.”

“தண்ணிய ஊத்த வேண்டியதுதானே?”

“சூட்டோட மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துடும் குமாரி. அரை மணி நேரம் ஆறணும். நீ வண்டியப் பாத்துக்க, நான் தண்ணி வாங்கினு வர்றேன்.”

போனார். மட்டன் பிரியாணி, கத்திரிக்காய், தயிர் வெங்காயம். திரும்பி வரும்போது கையில் தண்ணீர் கேன், வாயில் ஏலக்காய், முகத்தில் வண்டியைப் பற்றிய கவலை. எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த வாரமும் கத்தியது. அதற்கடுத்த வாரமும் கத்தியது.

“இந்த வண்டிக்கு மாதனூர்ல தாகம் எடுக்காதா? கரெக்டா இங்கதான் எடுக்குமா?” என்றாள் விஜயகுமாரி.

“வேலூர்லேர்ந்து ஓடி வர்ற சூடு இங்கதான் உச்சிக்கு ஏறும். அதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு.”

“ஓஹோ. வாரா வாரம் தண்ணி வாங்கினு வர்றீங்க. நீங்க ஊத்தி நான் பாக்கலயே?”

“நீ கவனிச்சிருக்க மாட்ட.”

விஜயகுமாரியிடம் இப்படிச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். அவள் பதில் பேசாமல் அவர் காலடியை ஒரு தடவை பார்த்தாள். பேசவில்லை என்றால் ஜெயித்துவிட்டோம் என்று காசிநாதன் நினைத்துக்கொண்டார். பாவம், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த அளவுக்குத்தான் விவரம்.

மறு ஞாயிறு. கடை கண்ணுக்குத் தெரிந்தது. அமுக்கினார். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினார். மிதித்தார். ம்ஹூம்.

“இன்னாங்க, கால் மரத்துப்போச்சா?”

“ஒண்ணுமில்ல.”

சரி, இந்த வாரம் கொடுத்து வைக்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு கியரை மாற்றப் போனார். ‘கீ…’ கடை வாசலுக்கு நேராக. காசிநாதனுக்குப் போன உயிர் வந்தது. வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்தும்விட்டார்.

“எங்க போறீங்க?”

“தண்ணி வாங்க.”

“நல்லா இருக்கு. புகை கிகை வந்தா எனக்கு இன்னா தெரியும்? வேலை தெரிஞ்ச நீங்க வண்டிகிட்ட இருங்க. தண்ணிய நான் வாங்கினு வர்றேன். அரை மணி நேரம் ஆறணும், மூடியத் தொட்டுடாதீங்க.”

கைப்பையை எடுத்துக்கொண்டு நேராகப் பிரியாணிக் கடைக்குள் போனாள்.

காசிநாதன் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். டப்பாவில் தண்ணி நிறைய இருந்தது. பாஷாவுக்குப் போன் போட்டார்.

“பாஷா, ஸ்விட்ச்ச அமுக்கினா கத்த மாட்டேங்குது. அமுக்காதப்ப கத்துது.”

“அது இப்ப தங்கச்சி சீட்டாண்ட இல்ல இருக்கு? நீதானே மாத்தச் சொல்லி அனுப்பின?”

“நானா?”

“அவருக்கு முட்டி வலி பாய், காலால அமுக்க முடியல, என் பக்கம் மாத்திக் குடுங்கன்னு கார எடுத்துனு வந்துச்சே. உன் மேல எவ்ளோ அக்கறை தெரியுமா அதுக்கு.”

காசிநாதன் வெயிலில் நின்றார். கடைக்குள்ளிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. அழுகை வரும்போல இருந்தது. உள்ளே போய்ச் சண்டை போடலாம்தான். என்னவென்று போடுவது? ஸ்விட்ச்சை ஏன் மாற்றினாய் என்று கேட்டால், எந்த ஸ்விட்ச் என்று அவள் கேட்பாள்.

அரை மணி நேரம் கழித்து விஜயகுமாரி தண்ணீர் கேனோடு வந்தாள். நிதானமாக ஏறி உட்கார்ந்து விரலை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டாள். பிரியாணியும் கத்திரிக்காயும் கலந்த வாசனை கார் பூராவும் பரவியது.

“கிளம்பலாமாங்க? அம்மா உங்களுக்கு ஓட்ஸ் கஞ்சி வெச்சினு காத்துனு இருப்பாங்க.”

காசிநாதன் சாவியைத் திருகினார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

“குமாரி, இந்த அலாரம் பெரிய பேஜாரா இருக்கு. கழட்டிடலாமா?”

“ஐயோ, வேணாங்க” என்றாள் விஜயகுமாரி. “கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.”