தவக்கரடியின் கழுத்து

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகையில் என்னை விலங்கியல் பட்டதாரி என்று போட்டிருந்தாலும், கல்லூரியில் நான் துணிந்து தொட்ட ஒரே பிராணி தவளை. அதுவும் மயக்க மருந்து கொடுத்த தவளை.

எழுபதுகளின் கடைசியில், எங்களுக்குக் கல்யாணமான முதல் ஆடி. வழக்கப்படி என் மனைவி மல்லிகாவை அவள் பிறந்த ஊரான சுத்துக்கேணிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்த ஒரு மாதத்தை எப்படியோ ஓட்டிவிட்டு, ஆவணி பிறந்த அன்றைக்கே, முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிவரப் போய் இறங்கினேன். (கொஞ்சம் மானம் பார்த்து இரண்டாவது பஸ்ஸில் போயிருக்கலாம்.)

மாமனார் வீட்டுத் தோட்டத்தில் கூட்டம். எனக்கென்று வளர்த்த சேவலை ஏதோ ஒன்று அடித்துத் தின்றுகொண்டிருக்க, மல்லிகாவின் தம்பி தனசேகர் அதன்மேல் கோழி அடைக்கும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, பாரத்துக்கு அம்மிக்கல்லையும் ஏற்றியிருந்தான்.

"தவக்கரடி, மாமா. சுடுகாட்டுல குழி தோண்டுமாம். நீங்க படிச்சவராச்சே, இன்னா பண்லாம்?"

மூங்கில் இடுக்கு வழியே பார்த்தேன். குட்டைக் கால், கறுப்பு உடம்பு, முதுகில் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுப்பு. சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறோம். அது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சேவலிடம் போயிற்று. இப்படிப் பயமே இல்லாத பிராணியை நான் பார்த்ததில்லை. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. மல்லிகா வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூனை மாதிரிதான். கழுத்தைப் புடிச்சா அடங்கிடும்" என்றேன்.

அதற்குள் அது மண்ணைப் பறித்து வெளியே வந்துவிட்டது. பிடரியைக் கெட்டியாகப் பிடித்தேன். தோல் என் கையில்தான் இருந்தது. ஆனால் தொளதொள சட்டைக்குள் ஆள் திரும்புவது போல, அந்தத் தோலுக்குள்ளேயே அது திரும்பி என் சட்டைக் கையைக் கிழித்தது. பிறகு வாலைத் தூக்கி எதையோ பீய்ச்சியது. நான் கையை விட்டேன். அது ஓடவில்லை. பறித்த வழியே பஞ்சாரத்துக்குள் போய் மிச்சச் சேவலைக் கவ்விக்கொண்டு கரும்புக்குள் நடந்து போனது.

பம்புசெட்டில் மூன்று முறை சீயக்காய் தேய்த்துக் குளித்தும் நாற்றம் போகவில்லை. மாமியார் எனக்கு மாட்டுக் கொட்டகையில் இலை போட்டார். பசு கயிற்றை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றது.

மல்லிகா கட்டிவைத்திருந்த தன் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "பஸ்ல யாரும் பக்கத்துல குந்த மாட்டாங்க. நாத்தம் போனதும் வந்து இட்டுனு போங்க."

ஒன்பது நாளாயிற்று. தோலுக்குள் அது எப்படித் திரும்பியது என்று அத்தனை நாளும் யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன்.

பல வருஷம் கழித்து எங்கள் மகளின் முதல் ஆடி வந்தது. ஆடி முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்த எங்கள் மருமகனிடம் தனசேகர் முதலில் சொன்னது இதைத்தான்: "மாப்ள, ஆடிக்கு முப்பத்தோரு நாள்தான். ஆனா எதனா கழுத்தைப் புடிச்சீங்கன்னா நாப்பது."