கைநாட்டல்ல, கையெழுத்துத்தான்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம், உன் அண்ணியின் முழங்கால் நீங்கலாக. செல்போனில் அனுப்பினால் பார்த்துவிட்டு ஊமையாக இருந்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். தபால்காரர் கையில் கொடுத்த பிறகு பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா?

தம்பி, சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் கட்டடத்துக்கு லிஃப்ட் போட எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்திட வேண்டும். தரைத்தளத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கடல் தாண்டிப் போன நீயோ, நேரில் வந்துதானே போட வேண்டும், லீவு கிடைக்கட்டும் என்று இழுத்தடிக்கிறாய். இதற்குள் உன் அண்ணி மூன்றாவது மாடியிலேயே சிறைப்பட்டுவிட்டாள். தெருவை பால்கனியிலிருந்துதான் பார்க்கிறாள், காய்கறிக்காரரிடம் கூடையைக் கயிற்றில் இறக்கித்தான் பேரம் பேசுகிறாள். இனி உன் சாக்கு பலிக்காது. இந்த மாதிரிச் சம்மதப் பத்திரத்துக்கு மின்னணுக் கையெழுத்தும் சட்டப்படி செல்லுமாம், வக்கீலே சொல்லிவிட்டார்!

போன ஞாயிற்றுக்கிழமை கட்டடச் செயலாளர் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினோம். வக்கீலும் வந்து, எல்லார் போனுக்கும் கையெழுத்துப் போடும் இணைப்பை அனுப்பினார். முதல் மாடிப் பல் டாக்டர் கண்மூடித் திறப்பதற்குள் விரலால் போட்டுவிட்டார். என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, கீழே வாலும் வாலுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைத்தால்தான் எனக்குத் திருப்தி. முதல் தடவை வால் திரையைத் தாண்டி என் வேட்டியில் முடிந்தது, இரண்டாம் தடவை எங்கேயோ அமுங்கி என் மோவாயைப் படம் பிடித்துக்கொண்டது, மூன்றாம் தடவை புள்ளி வைக்கிறேன் பேர்வழி என்று 'மறுக்கிறேன்' என்ற இடத்தில் குத்திவிட்டேன், உடனே நான் லிஃப்டை எதிர்க்கிறேன் என்று எல்லார் போனிலும் மணி அடித்தது. பல் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் சார், லிஃப்ட் லிஃப்ட்னு எங்க உயிரை எடுத்ததே நீங்கதானே?" என்றார். மறுபடி அனுப்ப வைத்து, ஒருவழியாகப் போட்டேன். மண்புழு மாதிரி இருந்தது. இதுவா என் கையெழுத்து என்று நான் நொந்துபோனபோது வக்கீல்தான் தேற்றினார். "அழகையெல்லாம் பார்க்க மாட்டாங்க சார். ஆள் நீங்கதானான்னுதான் பார்ப்பாங்க."

அடுத்தது கூட்டு உரிமையாளரான உன் அண்ணி. போனைக் கொண்டுபோய் நீட்டியதுதான் தாமதம், என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "எத்தனை பிள்ளைங்க கையைப் பிடிச்சு எழுத வச்சவ நான். ரிட்டையர் ஆனதும் என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்றீங்களா?" இது கைநாட்டு இல்லடி, கையெழுத்துதான், சட்டமே சொல்லுது என்று நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். வக்கீலும் போனில் விளக்கினார். கடைசியில் "பார்க்கலாம்" என்றாள். ஆக, அவளும் சம்மதித்த மாதிரிதான். பாக்கி நீ ஒருவன்.

இணைப்பு உன் போனில் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு அழுத்து அழுத்து தம்பி, உன் அண்ணி தெருவில் கால் வைக்கட்டும். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பேனாவாலும் விரலாலும் கையெழுத்திடத் தெரிந்த
உன் அண்ணன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினால் அண்ணியைக் காணோம். அவள் "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம், கட்டிக்கொண்ட எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, வாடகைக் கார் பிடித்து, வக்கீல் ஆபீசில் பேனாவால் கையெழுத்திட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் செல்லுமாம். இறங்கியவளால் ஏறத்தான் முடியவில்லை. செயலாளரிடம் இருந்த சாவியை வாங்கி உன் வீட்டைத் திறந்துவிட்டாள். கட்டில் வந்துவிட்டது, அடுப்பு வந்துகொண்டிருக்கிறது. லிஃப்ட் ஓடின பிறகுதான் மேலே வருவாளாம். உனக்கு எழுதச் சொன்னது இது: "தம்பியை அவசரப்படுத்தாதீங்க. ஹால் நல்லா காத்தோட்டமா இருக்கு."