பெட்ரோல் பங்காளிகள்

“ரெண்டு லிட்டரா?” என்று திரும்பக் கேட்டார் பெட்ரோல் பங்க்காரர். “வண்டிக்கா, வண்டி துடைக்கிற துணிக்கா?”

பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள். செக்கச் செவேலென்று, பங்கின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது கார். ஆறு சிலிண்டர். உறுமினால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். உள்ளே இருந்தவர் எதுவும் காதில் விழாதவர் போலக் கண்ணாடியில் மீசையைச் சரி பார்த்துக்கொண்டார்.

“நேத்து இருந்த விலை இன்னிக்கு இல்லையே?” என்றார் கம்பீரமாக.

“நேத்து இருந்த நானே இன்னிக்கு இல்ல சார். ஊத்தட்டுமா, மோந்து பாத்துட்டுக் கிளம்புறீங்களா?”

அவருக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உத்தியோகம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் தொலைபேசியில் அலறும்போது, “பதற்றப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க” என்று சொல்லவேண்டும். ஆள் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. தெருவில் அவரைக் ‘கார்க்காரர்’ என்பார்கள். காரை அவர் ‘செல்லம்’ என்பார். மனைவியை ‘இந்தாம்மா’ என்பார்.

செல்லத்தை வாங்கிய பணம் மனைவியுடையது. பதிவு செய்த பெயரும் மனைவியுடையது. பாசம் மட்டும் முழுக்க முழுக்க அவருடையது.

“பேசாம பஸ்ல போங்களேன்” என்றாள் மனைவி, அவர் சோர்ந்துபோய் வீட்டுக்குள் நுழைந்ததும். “வாசல்லயே பஸ் ஸ்டாப். ஏறினா ஆபீஸ்ல இறங்கலாம்.”

“பஸ்ஸா? செல்லம் என்ன நினைக்கும்?”

“பெட்ரோலே இல்லாம நிக்கிறப்ப அது என்ன நினைக்குதோ, அதையேதான் நினைக்கும்.”

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆண்பிள்ளைக்கு மரியாதை இருக்காது என்று அவர் வெளியே போய்க் காருக்கு மெழுகு பூச ஆரம்பித்தார். பூசும்போதே ஒரு யோசனை வந்தது. பாரம் குறைந்தால் பெட்ரோல் குறையும். பின்பெட்டியைத் திறந்து மாற்றுச் சக்கரம், ஜாக்கி, கருவிப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுநாளே ஓர் ஆணி பின்சக்கரத்தைப் பதம் பார்த்தது. மாற்றுச் சக்கரம் கட்டிலுக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இழுவை வண்டிக்காரர் வந்து பின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இதைத் திருடின ஆளைப் பிடிச்சீங்களா?” என்று அனுதாபத்தோடு விசாரித்தார். “தேடிட்டு இருக்காங்க” என்றார் இவர்.

அடுத்த யோசனை இன்னும் உயர்ந்தது. மேம்பாலத்தின் இறக்கத்தில் எஞ்சின் எதற்கு? அணைத்துவிட்டால் செல்லம் தானாகவே உருளும். உருண்டது. எஞ்சினை அணைத்தால் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும் என்பதை, இருபது வருடமாகக் கார்களைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், நேராகக் குப்பைத் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தெரிந்துகொண்டார். முன்விளக்கு ஒன்று போயிற்று. மிச்சம் பிடித்த பெட்ரோல் ஒரு டம்ளர் இருக்கும்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் மனைவி. “உங்க ஆபீஸ் பக்கம் வேலைக்குப் போறவங்க மூணு பேரைக் கூட ஏத்திக்கோங்க. செலவைப் பங்கு போட்டுக்கலாம்.”

“நான் என்ன டாக்ஸி டிரைவரா?”

“டாக்ஸி டிரைவர் டேங்க் நிறைய பெட்ரோல் போடுறாருங்க.”

அவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் விலை மறுபடி ஏறியது. முறைப்பு இறங்கியது.

“சரி. ஆனா கை நீட்டிக் காசு வாங்குறது எனக்கு ஆகாது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் உன்னோட. என் காதுலயே விழக் கூடாது.”

“விழாது” என்றாள் அவள். அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தாள்.

மூன்று பேர் வந்தார்கள். எதிர்வீட்டு பேங்க் கேஷியர். அடுத்த தெருக் கணக்கு டீச்சர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். முதல் நாள் காலை மூவரையும் வரிசையாக நிற்கவைத்துச் சட்டதிட்டங்களை அறிவித்தார் கார்க்காரர்.

“செருப்பைத் தட்டிட்டு ஏறணும். உள்ள எதுவும் சாப்பிடக் கூடாது. கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. தூங்குற குழந்தைக்குப் போர்வை போத்துற மாதிரி சாத்தணும்.”

“தும்மல் வந்தா சார்?” என்றார் கேஷியர்.

“இறங்கித் தும்மிட்டு ஏறுங்க.”

மூவரும் பயபக்தியோடு நடந்துகொண்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் ஒருநாள் நிஜமாகவே இறங்கித் தும்மினார். கார்க்காரருக்குப் பெருமை தாளவில்லை. இத்தனை வருடம் தனியாக ஓட்டி வீணாக்கிவிட்டோமே என்றுகூட நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீட்டுக்கு வந்து மனைவியோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காசு விவகாரம் என்று புரிந்ததும் கார்க்காரர் நாசூக்காக வெளியே போய்ச் சக்கரங்களைக் கழுவினார். அவர்கள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். கேஷியர் காரைச் சுற்றி ஒருமுறை வந்து மூக்கில் தட்டிக் கொடுத்தார். டீச்சர் குனிந்து டயரைப் பார்த்தாள். ரசனை உள்ளவர்கள் என்று கார்க்காரர் நெகிழ்ந்துபோனார்.

“இனிமே பெட்ரோல் கவலையே உங்களுக்கு வேண்டாம்” என்றாள் மனைவி. “முழுசா அவங்களே பாத்துக்கிறாங்களாம்.”

“முழுசாவா? என் பங்கு?”

“ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க.”

“பாத்தியா! செல்லத்துல ஏறுற யோகத்துக்கு மனுஷங்க எவ்வளவு வேணாலும் குடுப்பாங்க” என்றார் அவர். அந்த வாரமே வீட்டுக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று வந்தது. “மிச்சம் பிடிச்சது” என்றாள் மனைவி. அவர் ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்த்து, “செல்லம் சம்பாதிச்சது” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் ஒன்றொன்றாக ஆரம்பித்தது.

“ஏசியை அணைச்சிடுங்க சார்” என்றாள் டீச்சர். “பெட்ரோல் குடிக்குது.”

பெட்ரோல் அவர்களுடையது. என்ன சொல்ல முடியும்? அணைத்தார். 

“சிக்னல்ல எதுக்கு உறும விடுறீங்க?” என்றார் கேஷியர். “பக்கத்து வண்டிக்காரன் பயப்படட்டும்னா? அவன் பயப்படுறதுக்கு நாங்க எதுக்கு சார் காசு குடுக்கணும்?”

உறுமலை நிறுத்தினார். பிறகு ஒருநாள் கண்ணாடிக் கடைக்காரர் மிக மரியாதையாக, “சார், நீங்க கொஞ்சம் மிதிச்சு ஓட்டுறீங்க. நம்ம கேஷியர் சார் நிதானம். அவர் ஓட்டட்டுமே” என்றார்.

“செல்லத்தை வேற ஒரு கை தொடுறதா?”

“பதற்றப்படாதீங்க” என்றார் கேஷியர், சாவியை வாங்கிக்கொண்டே.

தினமும் நூறு பேருக்குத் தான் சொல்லும் வார்த்தை இவ்வளவு எரிச்சலானது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கேஷியர் ஓட்ட ஆரம்பித்ததும், அவர் வீட்டு வாசலிலேயே கார் நிற்பதுதான் வசதி என்று முடிவாயிற்று. முன் இருக்கையில் டீச்சர் உட்கார்ந்தாள். பின் இருக்கையில் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம். கார்க்காரர் பின்னால் போனார். அங்கேயும் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. தினமும் காலையில் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, கேஷியர் சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவருடைய சோற்று டப்பாவுக்கும் நடுவில் ஒடுங்கிப் பயணம் செய்தார். கேஷியர் வறுகடலை தின்றுகொண்டே ஓட்டினார். தோல் இருக்கையில் விழுந்த தோலை எல்லாம் கார்க்காரர் யாருக்கும் தெரியாமல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இதெல்லாம் நீ கேக்க மாட்டியா?” என்று மனைவியிடம் பொருமினார்.

“விட்டுக் குடுத்துப் போங்க. நல்ல மனுஷங்க. உங்களை இன்னும் கூட்டிட்டுப் போறாங்களே” என்றாள் அவள், புது ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்து.

பெட்ரோல் மறுபடி ஏறியது. மறுநாள் காலை காரைச் சுற்றி மூவரும் கூடி நின்றார்கள். கார்க்காரர் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

“ஆள் எடையைக் கொஞ்சம் குறைக்கலாம்னு பாக்குறோம் சார்” என்றாள் டீச்சர். “நாலு பேர்ல யாரு அதிக எடைன்னு மனசுலயே ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

மூவரும் அவருடைய வயிற்றைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். அது மறைக்கக்கூடிய விஷயமாக இல்லை.

“ஓட்டுக்கு விடலாம்” என்றார் கேஷியர். விட்டார்கள். மூன்றுக்கு ஒன்று. கதவு போர்வை போர்த்துவது போல மெதுவாகச் சாத்தப்பட்டது. கார் போய்விட்டது.

அன்று அவர் பஸ்ஸில் போனார். உட்கார இடம் கிடைத்தது, காற்று வந்தது, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே ஆபீஸ் வந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. முதல் தொலைபேசி அழைப்பில், “சார், லிஃப்ட் நின்னுபோச்சு, மூச்சு முட்டுது!” என்று யாரோ கத்தினார்கள். “உங்களையாவது உள்ள விட்டாங்களே” என்று சொல்லி வைத்துவிட்டார். மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது செல்லம் எதிரே வந்தது. பின் இருக்கையில், அவருடைய இடத்தில், ஒரு பருத்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். கேஷியரின் மாமியார்!

மாலையில் டீச்சரை வழிமறித்தார். “எடையைக் குறைக்கணும்னு சொன்னீங்களே டீச்சர்! அந்தம்மா என்ன பஞ்சா?”

“அவங்க பாதி வழியிலயே இறங்கிடுறாங்க சார். சராசரி எடுத்தா உங்களைவிடக் கம்மி.”

கணக்கை அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தூங்கவும் இல்லை. செல்லத்தின் மெழுகு மங்கியிருக்கும், இடது கதவின் மூலையில் தூசி சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மெழுகு டப்பாவையும் மெத்தென்ற துணியையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

செல்லத்தின் பாதி உடம்பு பச்சையாக இருந்தது.

மூக்கில் துணி கட்டிய பெயிண்டர் ஒருவர் மீதி சிவப்பின்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கார்க்காரர் அலறிக்கொண்டு ஓடிப்போய்க் காரின் மூக்கின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார்.

“சார், அந்தப் பக்கம் இன்னும் காயல” என்றார் பெயிண்டர்.

சத்தம் கேட்டு மூவரும் வெளியே வந்தார்கள். அவர் நிமிர்ந்தபோது சட்டையின் முன்பக்கம், மீசையின் ஒரு பாதி, எல்லாம் பச்சை.

“யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?” என்று கத்தினார்.

“பச்சைதாங்க குறைஞ்ச விலையில கிடைச்சது” என்றார் கேஷியர் பரிதாபமாக.

“போதும்! ஏதோ அக்கம் பக்கம், பாவம்னு ஏத்திக்கிட்டேன். ஏசியை அணைன்னீங்க, அணைச்சேன். சாவியைக் குடுன்னீங்க, குடுத்தேன். நடுவுல உக்காருன்னீங்க, உக்காந்தேன். உங்க கடலைத் தோலைக்கூடப் பொறுக்கினேன்! பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு. நாளையிலேர்ந்து உங்கள்ல ஒருத்தர்கூட என் வண்டியில கால் வைக்கக் கூடாது!”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயிண்டர்கூட பீய்ச்சுவதை நிறுத்தினார். கண்ணாடிக் கடைக்காரர் கிட்டே வந்து, பச்சை படாத தோளாகப் பார்த்து மெதுவாகக் கை வைத்தார்.

“சார், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தோம், கூச்சமா இருந்துச்சு. உங்க வீட்டம்மா இந்தக் காரை எங்க மூணு பேருக்கும் வித்ததுக்கு அப்புறமும், நீங்க ஏன் சார் தினமும் கூடவே ஏறி வந்துட்டு இருந்தீங்க?”